இடுக்கும் வடிவமும்

உவமை கூறுதல் எளிது. கூறிய உவமைக்குப் பொறுப்பேற்றல் அரிது. இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றேனல்லேன். பேராசிரியர் எவரும் எனக்கு இதனைப் போதித்தாருமல்லர். முப்பதாண்டுக் காலம் பால்மரம் வெட்டிய என் தாயாரிடம், எங்கள் வீட்டுச் சமையற்கட்டில், ஓரிரவிற் கற்றேன். அவ்விரவின் நிகழ்ச்சியை எழுதவே ஈண்டுப் புகுந்தேன். அதற்கு முன் என் ஆராய்ச்சியைப் பற்றிச் சிறிது விளக்குதல் இன்றியமையாததாகின்றது. ஆராய்ச்சி என்றவுடன் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பொருள் நமக்குப் புதியதன்று. நம்மவர் கைகளிற் பல்லாண்டு ஒட்டிக் கிடந்த ரப்பர்ப் பாலின் கதையே அது.

பேரா மாநிலத்தின் தென்பகுதியிலே, பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே, சுங்காய் என்னும் சிற்றூர் உளது. ஈப்போவினின்று கோலாலம்பூர் நோக்கித் தெற்கே ஓடும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. இன்று இவ்வழிச் செல்வோர் கண்ணிற் படுவது பெரும்பாலும் செம்பனை. யான் சிறுமியாயிருந்த காலத்திலோ, எங்கள் தோட்டத்தில் எத்திசை நோக்கினும் பால்மரங்களே நிரை நிரையாக நின்றன. தோட்டத்தின் நடுவே பெரட்டுக் களம், அதனை அடுத்து ரப்பர் ஸ்டோர், சற்றுத் தள்ளி ஆயாக் கொட்டகை, பள்ளத்தில் லயங்கள். ஒரு லயத்திற்குப் பத்து வீடுகள். ஒரு வீட்டிற்குப் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை, முன்னே ஒரு திண்ணை, பின்னே ஒரு சமையற்கட்டு. எங்கள் வீட்டில் எழுவர் இருந்தோம். இரவில் ஒருவர் புரண்டு படுத்தால் மற்றை அறுவரும் விழித்துக்கொள்வர். பக்கத்து வீட்டார் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்போம். சுவர் என்பது பெயரளவில்தான்.

என் தாயார் காலை நான்கு மணிக்கு எழுவார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியும் ஏந்தி, இருள் பிரியுமுன்னரே தம் நிரைக்குச் செல்வார். வெயில் ஏறுமுன் மரம் வெட்டியாக வேண்டும். குளிர்ந்த வேளையிலேதான் பட்டைக்குள் பால் நன்கு அழுந்தி நிற்கும், வெட்டியவுடன் ஓடி வரும். பட்டையை மெல்லியதாக, அரைச் சுற்றாக, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி சாய்த்து வெட்டுதல் வேண்டும். உளி ஒரு மயிரளவு ஆழ்ந்தாலும் மரத்திற்குக் காயம்; மேலோடு நின்றாலோ பால் குறைவு. கோட்டின் வழியே வடிந்த பால், பீலியில் இறங்கி, மங்கில் சொட்டும். பிறகு காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, தோளிற் சுமந்து வருவார்.

சில ஆண்டுகள் அவர் ஸ்டோரிலும் வேலை செய்தார். பாலைத் தொட்டியில் ஊற்றி, அமிலம் கலந்து உறைய வைத்து, தகடாக அழுத்தும் வேலை. அவ்வேலையைப் பற்றி அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "பால் கூச்சமுள்ளது. மருந்தை அள்ளி ஊற்றினால் பயந்து கட்டிப்போகும். தகட்டில் குமிழி விழும். அளவாக ஊற்றி இராப்பொழுது முழுவதும் சும்மா விட்டுவிட வேண்டும். விடிந்து பார்த்தால் தானே ஒழுங்காகப் படிந்திருக்கும்." இச்சொல்லின் ஆழம் எனக்குப் பிற்காலத்தில் விளங்கிற்று.

நிற்க. ரப்பர் என்பது யாது?

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டு விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற் சேர்த்தார். அடுத்த ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் எங்கள் பேராவிலுள்ள கோலகங்சாரில், ஹியூ லோ என்பாரின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அம்முதற் கன்றுகளுள் ஒன்று இன்றும் முதுமரமாக அங்கே நிற்கின்றது. அம்மரங்களின் வழிவந்த காடுகளிலே உழைக்கத்தான் நம் முன்னோர் கங்காணிகளின் பின்னே கப்பலேறினர்.

அம்மரத்தின் பால் நீரன்று. நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளின் கூட்டம் அது. ஒவ்வொரு துளியின் உள்ளும் நீண்ட இழைகள் சுருண்டு கிடக்கின்றன. கார்பன் அணு 5, ஹைட்ரஜன் அணு 8 கொண்ட ஐசோபிரீன் என்னும் சிறு கண்ணி, பல்லாயிரம் முறை கைகோத்து நின்றால் ஓர் இழை. இப்படிக் கண்ணிகள் கோத்த நெடுஞ்சங்கிலியைப் பலபடி என்பர். பாலிமர் என்றும் வழங்குவர். இவ்வளவு நெடிய சங்கிலி இயற்கையில் இருத்தல் கூடும் என்று 1920-இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதியபோது, வேதியியலார் பலர் அவரை நகையாடினர். 33 ஆண்டுகள் கழித்து, 1953-இல், அவருக்கு நோபல் பரிசு வழங்கினர்.

இனி எங்கள் ஊர் இவ்வறிவியலிற் புகுந்த வரலாற்றைக் கேளுங்கள். 1942 ஜனவரி 7-ஆம் நாள் விடியற்காலையில், ஜப்பானியரின் டாங்கிகள் சுங்காய்க்குத் தெற்கே துரோலாக், சிலிம் ரிவர்ப் பகுதியிலே பிரிட்டிஷ் படையின் அணியைப் பிளந்துகொண்டு ஓடின. அடுத்த மாதமே சிங்கப்பூரும் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர் கிடைக்காது போகவே, அமெரிக்கர் ஆலைகளிற் செயற்கை ரப்பரைப் பெருவாரியாக ஆக்கத் தலைப்பட்டனர். அவர்கள் கையாண்ட பொருள்கள் இரண்டு: பூட்டடையீன் ஒன்று, ஸ்டைரீன் மற்றொன்று. இவ்விரண்டும் அவ்விழையிலே முறையின்றிக் கலந்து நின்றன. அரிசியும் பருப்பும் கலந்த கிச்சடி போல என்க.

1956-இல் மைக்கேல் சுவார்க் என்னும் அறிஞர் புதுவழி ஒன்று கண்டார். காற்றும் ஈரமும் புகாது காத்தால், வளரும் இழையின் முனை சாவதில்லை. ஒரு பொருள் தீர்ந்த பின் வேறொரு பொருளை ஊட்டினால் அதனையும் கோத்துக்கொண்டு வளரும். நம் பெண்கள் பூச்சரம் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மல்லிகை தீர்ந்ததும் நாரை அறுக்காமல் அதே நாரிற் கனகாம்பரத்தைத் தொடுப்பதுண்டன்றோ? அவ்வாறே ஓர் இழையின் ஒரு பகுதி முழுதும் ஸ்டைரீன், மறுபகுதி முழுதும் ஐசோபிரீன் என ஆக்கலாயிற்று. இதுவே தொகுதிப் பலபடி. 1965-இல் ஷெல் கம்பெனியார் இவ்வகைப் பொருளைக் கிராட்டன் என்னும் பெயரால் விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1839-இல் குட்இயர் கண்டவாறு கந்தகம் இட்டு வேகவைத்த ரப்பரை மீண்டும் உருக்க இயலாது. இப்புதிய ரப்பரையோ உருக்கலாம், வேண்டிய வடிவில் வார்க்கலாம், மீண்டும் உருக்கலாம். காலணியின் அடியிலும், ஒட்டுநாடாவின் பசையிலும் அது புகுந்துவிட்டது.

இதன் உட்பொருள் வியப்பானது. பாலிஸ்டைரீனும் பாலிஐசோபிரீனும் ஒன்றோடொன்று கலவாதவை. எண்ணெயும் தண்ணீரும் போன்றவை. தனித்தனியே விட்டால் மேலும் கீழுமாகப் பிரிந்து நின்றுவிடும். ஆனால், இங்கே இரண்டும் ஒரே நாரிற் கட்டுண்டவை. பிரிய விரும்பும், பிரிய இயலாது. என் செய்யும்? தன்னினம் இருக்கும் பக்கம் சிறிது ஒதுங்கும். கட்டு எவ்வளவு இடந்தருமோ அவ்வளவே ஒதுங்கும். அதனால் நானோமீட்டர் பத்து முதல் ஐம்பது வரையான அளவில் அழகிய ஒழுங்குகள் தாமே பிறக்கின்றன. ஒரு தலைமயிரின் பருமன் ஏறத்தாழ எண்பதாயிரம் நானோமீட்டர் என்றால், இவற்றின் நுண்மையை உய்த்துணர்க. ஒரு பகுதி மிகக் குறைவாயின் அது சிறு மணிகளாகத் திரளும். சற்று மிகுந்தால் கம்பிகளாக நீளும். இரண்டும் சமமாயின் தகடு தகடாக அடுக்கும். எவரும் கைவைத்து அடுக்குவதில்லை. இதனைத் தன்னொழுங்கு எனலாம்.

இனி இப்பொருளைப் பரந்த வெளியில் விடாது, அதன் ஒழுங்கின் அளவேயான நுண்ணிய இடுக்கில் அடைத்தால் யாது நிகழும்? இதுவே என் ஆராய்ச்சிப் பொருள். அலுமினியத் தகட்டை அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால், தேனடை போல ஒழுங்கான நெடுந்துளைகள் அதன்மேல் உண்டாகும். அத்துளைகளிலே உருகிய தொகுதிப் பலபடியைப் புகுத்தலாம். 2004-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரசல் என்பாரும் அவர் கூட்டத்தாரும் இவ்வாறு செய்து, தகடுகளாக அடுக்க வேண்டிய பொருள் துளைக்குள் வளையத்திற்குள் வளையமாகச் சுருண்டிருத்தலைக் கண்டனர். கம்பிகளாக நீள வேண்டிய பொருளோ, துளையின் அகலத்திற்கேற்ப, ஒற்றைக் கம்பியாகவும், திருகாகவும், அடுக்கிய வளையங்களாகவும் மாறுகின்றது. வெளியிற் காணவொண்ணாத வடிவங்கள் இடுக்கிற் காணப்படுகின்றன. நுண்சில்லு ஆக்குவோர் இவ்வொழுங்கைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்தலாமோ என ஆராய்ந்து வருகின்றனர். 1972 முதற் பினாங்கிற் சில்லுத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளமையால், நம் நாட்டார்க்கும் இஃது அயலான செய்தியன்று.

யான் எடுத்துக்கொண்ட இழையில் ரப்பர்ப் பகுதி குறைவு. ஸ்டைரீன் பகுதி மிகுதி. முதல் ஐந்து திங்களும் எனக்குத் தோல்வியே கிட்டிற்று. துளைக்குள் வளையமுமில்லை, திருகுமில்லை; சிக்கெடுக்காத தலை போன்ற குழப்பமே எஞ்சிற்று. அவசரத்தில் யான் சில மணி நேரமே சூடேற்றி, உடனே ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஊர் வந்தபோது தாயாரிடம் குறைபட்டுக்கொண்டேன். அவர் முறுக்குப் பிழிந்துகொண்டே, "பாலை உறைய விடாமல் தகடு கேட்டால் கிடைக்குமா?" என்றார். திரும்பிச் சென்றதும், காற்று நீக்கிய அடுப்பில், 120 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், ஐந்து நாள் அப்படியே விட்டுவைத்தேன். சூடு இருந்தாலன்றோ இழைகள் நெகிழும்! நெகிழ்ந்தாலன்றோ தத்தம் இடத்தைத் தேடும்! பின்னர் அலுமினாவைக் காரத்திற் கரைத்து நீக்கி, எஞ்சிய நுண்கம்பிகளை மெல்லிய சீவல்களாக அரிந்து, ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்னும் ஆவியைக் காட்டினேன். அவ்வாவி ரப்பர்ப் பகுதியை மட்டும் கருமையாக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியிற் பார்த்தேன். சாய்ந்த கருங்கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒழுங்காக நின்றன. இடுக்கினுள் ரப்பர் திருகாகச் சுழன்றிருந்தது.

அப்படத்தைத் தாயாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் நோக்கினார். "யார் வெட்டிய மரம் இது? கோடு அதிகமாகச் சாய்ந்துவிட்டது. பட்டை வீணாகும்," என்றார். யான் வாய்விட்டு நகைத்தேன். அவர் நகைக்கவில்லை, தொழிலாளியின் கண் அது.

இதுவரை என் பெருமை. இனி என் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆண்டு விழா. முன்னாள் மாணவியென்று என்னைப் பேச அழைத்தனர். மலர்மாலை, ஒலிபெருக்கி, வரிசையாகப் பிள்ளைகள், பின்வரிசையில் பெற்றோர். தாயாரும் தமையனாரும் வந்திருந்தனர். யான் அத்திருகுப் படத்தைத் திரையிற் காட்டி, உணர்ச்சி மேலிட்டுப் பேசினேன். பேச்சின் முடிவில் இப்படிக் கூறினேன்: "பரந்த வெளியில் இப்பொருள் வெறும் நேர்க்கம்பியாகக் கிடக்கும். இடுக்கில் அடைத்தபோதே இவ்வழகிய வடிவம் பெறும். நாம் பிறந்த லயமும் அத்தகைய இடுக்கே. அந்நெருக்கடியே நம்மை வடித்தது. ஆதலின் பத்தடி அறைக்கு நன்றி கூறுவோம்!" கரகோஷம் ஓய நெடுநேரமாயிற்று. பள்ளியின் மலரில் அதனை அச்சிட வேண்டுமென்று கேட்டனர். யானும் மகிழ்ந்து இசைந்தேன். தாயார் மட்டும் கைதட்டவில்லை. வெயிலில் அமர்ந்த களைப்பென்று எண்ணினேன்.

அன்றிரவு உணவு முடிந்தது. தமையனார் திண்ணையிற் படுத்து உறங்கிவிட்டார். விடியுமுன் லாரியில் செம்பனைக் குலை ஏற்றச் செல்ல வேண்டியவர். தாயார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நீ துளையிலே ஊற்றிய அந்தப் பொருளுக்கு வலிக்குமா?" என்றார்.

"அதற்கேது உயிர் அம்மா? வலிக்காது."

"முதல் ஐந்து மாதம் எல்லாம் கெட்டுப்போச்சு என்றாயே, அதுவும் இதே துளையா?"

"இதே துளைதான்."

"அப்படியானால் துளை மட்டும் போதாது."

யான் வாய் திறக்கவில்லை. அவர் மெல்லத் தொடர்ந்தார்: "நம் லயத்தில் உன் வயதுப் பிள்ளைகள் பதினொரு பேர். எண்ணிப் பார். பல்கலைக்கழகம் போனது நீ ஒருத்தி. மற்றப் பத்துப் பேரும் அதே சுவருக்குள்தானே பிறந்தார்கள்? இதோ திண்ணையிற் படுத்திருக்கிறானே, அவனும் அதே அறையில்தானே பிறந்தான்?"

நேயர்காள்! என் தமையனார் கணக்கில் என்னினும் மேம்பட்டவர். ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவார். தந்தையார் நோயுற்ற ஆண்டில், பதின்மூன்றாம் வயதில், அவர் பள்ளியை விட்டு நிரைக்குப் போனார். இருவர் கூலி வந்தமையால் என் பள்ளிச் சம்பளமும், பேருந்துக் காசும், விளக்கெண்ணெயும் நிற்கவில்லை. எனக்குத் தேர்வு நடக்கும் நாள்களில், அறையில் விளக்கு எரியவேண்டி, அவர் தாம் வெளித் திண்ணையிற் படுப்பார். கொசுவுக்குச் சாக்கைப் போர்த்துக்கொள்வார். அப்பழக்கத்தினாற்போலும், இன்று எங்களுக்கு அறைகள் இருந்தும், அவர் திண்ணையையே நாடுகின்றார். அத்தகையவர் பின்வரிசையிற் கைகட்டி அமர்ந்திருக்க, யான் மேடைமீது நின்று சுவருக்கு நன்றி கூறினேன்!

தாயார் இறுதியாக ஒன்று கேட்டார். "துளை எவ்வளவு அகலம் இருக்கவேண்டுமென்று அளந்தது யார்?"

"யான்தான்."

"நம் வீட்டை அளந்தது நாமில்லை. அதில் ஏழு பேர் இருக்கலாமென்று கணக்குப் போட்டவன் வேறொருவன். அவன் அதில் ஒருநாள் படுத்ததில்லை. அவனுக்கா என்னை நன்றி சொல்லச் சொல்கிறாய்?"

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு படுக்கச் சென்றார். எனக்கு உறக்கம் வரவில்லை.

விடியும்வரை என் ஆராய்ச்சியையே மீண்டும் எண்ணிப் பார்த்தேன். வியப்பென்னெனில், தாயார் கேட்ட கேள்விகளுக்கு விடை அதனுள்ளேயே இருந்தது. யான் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, விடையை விட்டுவிட்டேன்.

முதலாவது, சுவர் வடிவத்தை ஆக்குவதில்லை. இருக்கக்கூடிய வடிவங்களுள் ஒன்றைக் கட்டாயப்படுத்துகின்றது, அவ்வளவே. ஆக்குவது இழையின் இயல்பும், இழையின் இரு பகுதிகளையும் பிணைத்த கட்டும் ஆம். அக்கட்டு இல்லையேல், எத்துளையில் ஊற்றினும் திருகு பிறவாது. எங்கள் வீட்டில் அக்கட்டாயிருந்தவர் எவரென்பதை வாசகர் அறிவர்.

இரண்டாவது, சூடும் காலமும் வேண்டும். சில மணி நேரத்தில் ஆறவிட்ட இழைகள் தமக்குரிய இடத்தை அடையாமலே இறுகிப்போயின. அவற்றின் இயல்பிற் குறையொன்றுமில்லை. ஐந்து நாள் சூட்டில் இருந்தவற்றின் உடன்பிறப்புக்களே அவை. ஒரே புட்டியிலிருந்து எடுத்தவை. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் படிப்பில் தேறவில்லை என்று கூறி, அவர்தம் இயல்பைக் குறை சொல்வார் உளர். ஆறாம் வகுப்போடு ஆறவிட்ட பின், ஒழுங்கு எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

மூன்றாவது, இதுவே எனக்கு வெட்கம் தந்தது. அவ்வழகிய வடிவத்தினுள்ளே துன்பம் உண்டு. ஒவ்வொரு தொகுதிப் பலபடிக்கும் தனக்கென ஓர் இயற்கை இடைவெளி உளது. துளையின் அகலம் அவ்விடைவெளிக்குச் சரியாகப் பொருந்துதல் அரிது. பொருந்தாதவிடத்துச் சில இழைகள் தம் அளவுக்கு மேல் நீட்டப்படும், சில நசுக்கப்படும். வளைந்த அடுக்கில் உட்புறத்து இழைகள் படும் நெருக்கம் வேறு. வெளிப்புறத்து இழைகள் படும் இழுப்பு வேறு. அறிஞர் இதனை நிறைவேறா நிலை என்று குறிப்பர். நாம் நுண்ணோக்கியிற் கண்டு மகிழும் திருகு, நீட்டப்பட்டவையும் நசுக்கப்பட்டவையும் ஆகிய இழைகள் தம்முட் செய்துகொண்ட உடன்பாடு. உயிரற்ற இழைக்கு அது வலியன்று. மனிதருக்கோ அஃது ஓர் ஆயுட்காலம். படத்திற் கருங்கோட்டைக் கண்டேன். அக்கோட்டிற்காக நீட்டப்பட்ட இழையைக் கண்டிலேன்.

வறுமையைப் புகழ்தல் வறுமையினின்று வெளியேறினார்க்கு இனிதாயிருக்கும். தம் வெற்றிக்கு அஃது ஓர் அணியாகின்றது. உள்ளே இருப்போர்க்கோ அப்புகழ் மற்றொரு சுவர். "நெருக்கடி நல்லது, பார், அவள் முன்னேறினாள்," என்று கூறி, அகலமான அறையையும் நல்ல பள்ளியையும் கொடாது விடுவார்க்கு, என் உவமை ஒரு சான்றுச் சீட்டாகியிருக்கும். அறிவியலின் பெயரால் அச்சீட்டில் யானே கையெழுத்திட்டேன்.

மறுநாட் காலை பள்ளிக்குச் சென்று, அப்பேச்சை அச்சிட வேண்டாவென்று கேட்டுக்கொண்டேன். தலைமையாசிரியர் வியந்தார், மறுக்கவில்லை. அதற்கு மாறாகப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருக்க இசைவு பெற்றேன். அடுத்த திங்கள் சென்றேன். அதே படத்தைக் காட்டினேன். இம்முறை கெட்டுப்போன படங்களையும் உடன் காட்டினேன். இது சூடு குறைந்ததால் கெட்டது, இது காலம் குறைந்ததால் கெட்டது, பொருளிற் பிழையில்லை என்று சொன்னேன். லயத்து அறை சிறிதாயிருந்தது என்றும், அது சிறிதாயிருந்திருக்க வேண்டுவதில்லை என்றும் சொன்னேன். என்னைப் படிக்கவைத்தவர் இன்னார் என்று, பின்வரிசையிலிருந்த தமையனாரைக் காட்டினேன். அவர் நாணித் தலை குனிந்தார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினர். தாயாரும் தட்டினார்.

பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். "இரண்டு சுவர்களுக்கு இடையே 100 நானோமீட்டர். இப்பொருளின் ஓர் அடுக்கிற்கு 30 நானோமீட்டர் வேண்டும். எத்தனை அடுக்கு அமையும்?"

பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினர். பின்வரிசையிலிருந்து தமையனாரின் குரல், தம்மை அறியாமலே, எழுந்தது.

"மூன்று. மிச்சம் பத்து." சற்று நின்று, "அந்தப் பத்தை யார் தாங்குவது?" என்று கேட்டார்.

அக்கேள்வியே என் ஆராய்ச்சி முழுதும். அதனை நாற்பதாண்டுக்கு முன் கேட்டிருக்க வேண்டியவர் அவர். விடையைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன்: அப்பத்தை மூன்று அடுக்குகளும் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வோர் அடுக்கும் தன் அளவினும் சிறிது நீளும்.